வண்ணத் திரையா, இரண்டாவது டிரைவா

படுத்த படுக்கையாக இருக்கும் குழந்தைக்கு எது ஆகும், எது ஆகாது என்று மட்டும்தான் அந்தக் கடையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த வண்ண மானிட்டர் முன்னால் அவர் நின்றிருந்ததைப் பார்த்தால், விமானம் ஓட்டப் போவது மகளா அவரா என்று கேட்கத் தோன்றியது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தக் கடை. அதுவரை டிவியும் டேப் ரிக்கார்டரும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாய், எண்பதுகளின் பின்பாதியில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தார். சென்னையிலிருந்து பாகங்களை வரவழைத்து, கேட்பவர்களின் தேவைக்குத் தகுந்தபடி பூட்டிக் கொடுப்பார். ஜவுளிக்காரர்களும் ஒன்றிரண்டு ஆடிட்டர்களும்தான் அவரிடம் வாங்கியவர்கள். விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆட்கள் நாங்கள்தானாம்.

"வெளையாட்டுக்கா? யாருக்குங்க?"

"எட்டு வயசுப் புள்ளைக்குங்க பாய்," என்றார் என் கணவர்.

பாய் என்னைப் பார்த்தார். இந்த இருவரில் விவரமாகப் பேசக்கூடியவர் யார் என்று தேடும் பார்வை. அவருக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் கோழிப்பண்ணை சேந்தமங்கலத்துக்கு வெளியே இருக்கிறது. மகளுக்கு முதலில் தொண்டை வலித்தது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தேன், சரியாயிற்று. கொஞ்ச நாள் கழித்து ஒரு முழங்கால் வீங்கியது, பிறகு கணுக்கால், பிறகு மணிக்கட்டு. பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தேய்த்துவிட்டோம். காய்ச்சல் விடாததால் சேலத்துக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் குழலை அவள் நெஞ்சில் வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. இதயத்தில் ஒரு வால்வை அந்தக் காய்ச்சல் தொட்டுவிட்டது என்றார். தவறாமல் பென்சிலின் ஊசி போட வேண்டும். அதோடு ஓய்வு. நடக்கக் கூடாது, ஓடக் கூடாது, முடிந்தவரை அழக் கூடாது.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். ஆட்டின் இதயத்தை அறுத்து, அந்த வால்வைக் குண்டூசியால் குத்திக் காட்டி மார்க் வாங்கியிருக்கிறேன். அது தாமரை இதழ் போல மெல்லியது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

எங்கள் மகளைப் படுக்கவைப்பது கோழியைக் கூடை போட்டுக் கவிழ்க்காமல் ஓரிடத்தில் நிறுத்திவைப்பது போல. கதைப் புத்தகம், தாயம், பல்லாங்குழி எல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நான் அடுப்படிக்குப் போனால் கட்டிலிலிருந்து இறங்கிவிடுவாள். இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்று பெங்களூருக்குப் போனபோது என் தம்பி வீட்டில் தங்கினோம். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தன் ஆபீசுக்குத் தூக்கிப்போய் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் மடியில் உட்கார வைத்துக்கொண்டான். திரையில் ஒரு விமானத்தின் உட்பக்கம். கடிகாரம் கடிகாரமாக முட்கள். வெளியே ஓடுபாதை. அவள் மதியம் வரை அசையவில்லை. விரல்கள் மட்டும்தான் அசைந்தன.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர் சொன்னார்: "அது ஒண்ணு ஊட்டுல இருந்தா இவ படுத்திருப்பா."

மாமனாரிடம் அப்படிச் சொல்ல முடியாது. தீவனக் கலவைக் கணக்கு, முட்டைக் கணக்கு எல்லாம் அதில் போடலாம் என்றுதான் சொன்னோம். அது பொய்யும் இல்லை.

"இத்தன வருசமா நான் கையில அள்ளிக் கலக்கிப் போட்டுத்தான் கோழி முட்டை உட்டுச்சு. இனி டிவிப் பொட்டி சொன்னாத்தான் உடுமாக்கும்?" என்றார் மாமனார். பிறகு, "கணக்கக் காயிதத்துல எழுதிக் குடுக்குமா?" என்று கேட்டார். குடுக்கும் என்றோம். அதனால் பிரிண்டர் ஒன்றும் வாங்குவதென்று ஆயிற்று.

இதையெல்லாம் கேட்டுக்கொண்ட பாய் முதலில் ஹார்ட் டிஸ்க் என்றார். எல்லாம் உள்ளேயே இருக்கும், தட்டினால் வந்துவிடும். என் கணவர் தலையாட்டினார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"நிறுத்தறதுக்கு முன்னால ஒரு கட்டளை குடுத்து அதோட முள்ள ஓரமா ஒதுக்கி நிறுத்தணும்மா. பொசுக்குனு கரண்ட் போனா முள்ளு தட்டு மேலயே உக்காந்துரும். கீறல் விழுந்தா விழுந்ததுதான்."

"எங்க பக்கம் சொல்லிட்டுங்களா கரண்ட் போகுது? மோட்டார் போட்டா லைட்டே மினுக்மினுக்குங்குது."

"அப்ப வெளிய இருந்து செருகற ஃப்ளாப்பித் தட்டுதான்," என்று அவரே ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டார். நல்ல வியாபாரி இன்னும் கொஞ்சம் இழுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் விட்டுக்கொடுத்ததே எனக்குப் பயமாகவும் இருந்தது. ஒருவேளை வாங்கியிருக்க வேண்டுமோ?

ஜாய்ஸ்டிக் என்ற பிடி ஒன்றை எடுத்து வைத்தார். அசல் விமானத்தில் இருப்பது போலவே சாய்த்து ஓட்டலாம். நான் பிடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தது. வீங்கி வற்றிய மணிக்கட்டு இதற்குத் தாங்காது. வேண்டாம் என்றேன். கீபோர்டுக்குச் சுருள் ஒயர் நீளமாக இருக்கட்டும், கட்டில் வரைக்கும் வர வேண்டும் என்றேன். உள்ளே இருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட முடியுமா என்று கேட்டேன்.

"ஏம்மா? விமானம் விழுந்தா ஒரு சத்தம் வரும், நல்லா இருக்குமே."

"அதுக்குத்தானுங்க."

பாய் அந்த ஒயரைப் பிடுங்கி மடித்து டேப் ஒட்டினார். ராம் என்ற நினைவகத்தை மட்டும் முழுதாகப் போடச் சொன்னார், இல்லாவிட்டால் அந்த விளையாட்டு திணறுமாம். அதில் எங்களுக்குள் பேச்சு இல்லை.

கடைசியில் நின்றது இதுதான். எங்கள் கையில் இருந்ததற்குள், வண்ண மானிட்டரும் ஒரே ஒரு ஃப்ளாப்பி டிரைவும் வாங்கலாம். அல்லது பச்சை எழுத்து மானிட்டரும் இரண்டு டிரைவும். விளையாட்டு ஒரு ஃப்ளாப்பியில் இருக்கிறது. ஊர்களும் மலைகளும் நதிகளும் இன்னொன்றில். ஒரே டிரைவ் என்றால் பறந்துகொண்டிருக்கும்போதே ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைச் செருக வேண்டும்.

"கலர்தான்," என்றார் என் கணவர். "வானம் நீலமா இல்லீன்னா அப்பறம் என்ன வானம்?"

"மாத்தி மாத்திச் செருகறது யாரு? நான் சோறாக்கப் போனா அவளே எட்டி எந்திரிப்பா."

"நீ பக்கத்துலயே இருப்பியல்ல?"

"நீங்க இருக்கறீங்களா?"

பாய் டீ சொல்லப் போவதாக எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது என் கணவர் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டிருந்தார். பச்சை மானிட்டரும் இரண்டு டிரைவும் என்று முடிவாயிற்று. படி இறங்கும்போதே நான் நின்றேன். "கலரே வாங்கிருக்கலாமுங்களா?" என்றேன். அவர் இறங்கிக்கொண்டே இருந்தார். தோளில் பெட்டி இருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் தையல் மெஷினின் பலகையை மூடி, அதன் மேல் மானிட்டரை வைத்தோம். கீபோர்டை அவள் மடியில் ஒரு தலையணை மேல் வைத்தேன். அவள் சாய்ந்து படுத்தபடியே எல்லாம் எட்டியது. தம்பி பிரதி எடுத்துக் கொடுத்திருந்த ஃப்ளாப்பிகளை டிரைவுக்கொன்றாகச் செருகினோம். டிரைவ்கள் தீவன மெஷின் போலக் கரகரவென்று அரைத்தன. ஓடுபாதை வந்தது.

அவள் மேலே ஏறினாள். ஏறுவது எளிது. திரும்பும்போதுதான் தெரிந்தது. நீலமாக இருக்க வேண்டிய வானமும் பச்சையாக இருக்க வேண்டிய தரையும் எங்கள் திரையில் ஒரே பச்சைப் புள்ளிகளாக இருந்தன. ஒன்றில் புள்ளி கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான். விமானம் சாய்ந்தால் இரண்டுக்கும் நடுவிலிருந்த கோடு செங்குத்தாக நின்றது.

"அம்மா, இதுல எது வானம்?"

நான் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அதற்குள் விழுந்துவிட்டது. சத்தம் இல்லாமல் விழுந்தது. திரை ஒருமுறை நடுங்கி நின்றது.

அன்றும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் விழுந்துகொண்டே இருந்தாள். இறங்க வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது. பல்லைக் கடிப்பாள். மேலுதடு வியர்க்கும். எழுந்திருக்கவில்லைதான், ஆனால் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது? நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவள் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தேன். விமானம் தரையை நெருங்க நெருங்க நாடி என் விரலுக்கடியில் குருவி போல அடித்தது.

"கைய உடும்மா. அந்தக் கையிலதான் வேகத்தக் கொறைக்கணும்."

"கொஞ்ச நேரம் சாமி."

"நீ புடிச்சா நான் விழுந்துருவேன்."

விட்டேன். அப்போதும் விழுந்தாள். அழுதாள். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன அழுகை.

அன்றைக்கு மகள் தூங்கியதும் அடுப்படியில் வைத்துக் கணவரிடம் சொன்னேன். "இத எடுத்து வெச்சுரலாமுங்க. ஓடாம படுத்திருக்கறான்னு பார்த்தா, படுத்துக்கிட்டே ஓடறா."

"அப்ப கட்டிப்போட்டு வெக்கறியா?"

"நீங்க நாடியப் புடிச்சுப் பாத்தீங்களா?"

"நீ புடிச்சுப் புடிச்சுத்தான் அது அடிக்குது," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொல்லிமலை கண்ணிலேயே படவில்லை. சுவரில் கை வைத்தால் ஈரம். ஃப்ளாப்பியில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும் என்று பாய் சொல்லியிருந்ததை என் கணவர் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். மாமனார் கேட்டுக்கொண்டே மோர் ஊற்றிக்கொண்டார். அந்தப் பெட்டியைப் பற்றி எங்கள் முன்னால் அவர் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. ஆனால் பேத்தி பறக்கும்போது வாசற்படியில் நின்று பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் மகள் எழுந்தபோது ஃப்ளாப்பி டப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டிருந்தபோது மாமனாரே கொண்டுவந்தார். தோளில் சாக்கு, கையில் டப்பா. முகத்தில் ஒரு பெருமை.

"தொட்டுப் பாரம்மிணி. கொஞ்சமாச்சும் ஈரம் இருக்குதா?"

டப்பா சுட்டது. குஞ்சுக் கொட்டகையில் பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளுக்குக் கதகதப்புக்காகத் தகரக் குடைக்கு அடியில் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டிருப்போம். புரூடர் என்போம். மழைக்காலத்தில் ஈரத்திலிருந்து எதைக் காப்பாற்ற வேண்டுமென்றாலும் எங்கள் பண்ணையில் அதனடியில்தான் வைப்போம். விதை மிளகாய், தீப்பெட்டி, ஒருமுறை என் ரேஷன் கார்டுகூட. அவர் டப்பாவை அங்கே, பல்புக்குப் பக்கத்தில், கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காலையிலிருந்து.

ஒன்றை உருவினேன். அப்பளம் பொரியத் தொடங்கும்போது ஓரம் சுருளுமே, அப்படி இருந்தது. மற்றவையும் அப்படித்தான். டிரைவின் வாய்க்குள் அவை நுழையவே இல்லை.

மாமனார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குஞ்சே தாங்குது," என்றார். "இது தாங்கலியே."

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டும். நிம்மதியாக இருந்தது. நான் செய்யத் தயங்கியதை மழையும் மாமனாரும் செய்து முடித்துவிட்டார்கள். மெஷின் மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தினேன். இனி அவள் நெஞ்சு அமைதியாகக் கிடக்கும் என்று நினைத்து, பருப்பு வேகவைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கட்டிலில் யாரும் இல்லை.

வீட்டைச் சுற்றிக் கூப்பிட்டேன். மழை விட்டிருந்தது, சேறு. குஞ்சுக் கொட்டகையில் இருந்தாள். முழங்கால் வரை சேறு. மக்காச்சோள மூட்டை மேல் ஏறி நின்று, தகரக் குடைக்குள் குனிந்து, மீதி ஏதாவது அங்கே தொங்குகிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல மூச்சு வரவில்லை. தோள் ஏறி ஏறி இறங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது என் மார்பில் அடித்தது அவள் இதயமா என் இதயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கட்டிலில் கிடத்தி, கால் கழுவி, மூச்சு சமமாகும்வரை பக்கத்தில் இருந்தேன். விளையாடும்போது அடித்த நாடி எவ்வளவோ மேல் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் மேல் என்பதால் நல்லது என்று ஆகிவிடுமா? ஆகாது என்றும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்குத் தந்தி கொடுத்தோம். புதுப் பிரதிகளைப் பெங்களூர் பஸ் டிரைவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அதை வாங்க யாராவது சேலம் போக வேண்டும். நானே போகிறேன் என்றேன். என் கணவர் மகளோடு இருக்க வேண்டும், கட்டிலைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதிகாலை சேலத்துக்கு முட்டை ஏற்றிப்போகும் எங்கள் வேனில் ஏறினேன். ஏறும்போது பிரிண்டரைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். யாரையும் கேட்கவில்லை.

பாய் கடையைத் திறக்கும்வரை படியில் காத்திருந்தேன்.

"பச்சையக் குடுத்துட்டு கலர் எடுத்துக்கலாமுங்களா? கூட இதையும் வெச்சுக்குங்க."

"உள்ள இருக்கற அட்டை அதேதாம்மா, மானிட்டர மட்டும் மாத்துனாப் போதும். பச்சைய அடுத்த நடையில அனுப்பிவிடுங்க. ஆனா பிரிண்டர்?" அவர் துணியை விலக்கிப் பார்த்தார். "இது உங்க மாமனார் ஆசப்பட்டதாச்சே. அவரு சரின்னுட்டாரா?"

"சொல்லுவாருங்க."

"இன்னும் சொல்லலியா?"

"ஒரு டிரைவத் திருப்பிக் குடுத்தா அவ எந்திரிப்பாங்க. பச்சையே இருந்தா விழுந்து விழுந்து அழுவா. குடுக்கறதுக்கு வேற எதுவும் இல்லீங்க பாய்."

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். ராமைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று அவரே கேட்டு, அவரே வேண்டாம் என்றார். பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

காலி முட்டை அட்டைகளை அடுக்கி, நடுவே வண்ண மானிட்டரை உட்காரவைத்து, வழியெல்லாம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ராசிபுரம் தாண்டும்போது ஒரு பள்ளத்தில் வேன் குதித்தது. பிரிண்டரைக் கொடுத்தது தப்பு, பெரியவர் மனசு நோகும் என்று அங்கிருந்து வீடு வரும்வரை அதே நினைப்பு.

பிரிண்டர் இருந்த மேஜையில் காலியான இடத்தை மாமனார் பார்த்தார்.

"எழுதிக் குடுக்கறது எங்கம்மிணி?"

"குடுத்துட்டு வந்துட்டனுங்க மாமா."

அவர் புது மானிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லவேள, கோழிய உட்டு வெச்சிருக்கற," என்றார். போய்விட்டார். அன்றிரவு சாப்பிட வந்தபோது என்னிடம் பேசவில்லை. அதற்கடுத்த சில நாட்களும் மகளிடம் மட்டும்தான் பேசினார்.

வண்ணம் என்றால் பெரிய வண்ணம் ஒன்றும் இல்லை. நீலம், பச்சை, செங்கல் நிறம். அவ்வளவுதான். ஆனால் எப்படிச் சாய்ந்தாலும் நீலம் நீலமாக இருந்தது. அவள் விழுவது குறைந்தது. ஒருநாள் ஓடுபாதையில் இறக்கி, நிறுத்தினாள். கத்தவில்லை. மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். நான் முக்காலியில்தான் இருந்தேன், கைகளை என் மடியில் கோத்துக்கொண்டு. அந்த நேரத்தில் அவள் நாடி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் குழலை முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார், இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துக் கேட்டார்.

"வால்வுல கேக்கற அந்தச் சத்தம் அப்படியேதான் இருக்குங்க. போகல. கூடவும் இல்ல."

"அது நல்லதுங்களா?"

"கூடலைங்கறது நல்லதுதான். இனி நாற்காலியில உக்காரட்டும். நடக்கறதப் பின்னால பாக்கலாம்."

விளையாட்டைப் பற்றிக் கேட்டேன். கேட்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நாடி, வியர்வை, விழுவது, அழுவது, குஞ்சுக் கொட்டகை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"விரல அசைக்கறதால வால்வு கெடாதும்மா. ஓடுனதுதான் தப்பு." பிறகு மகளிடம் குனிந்தார். "எறங்கிருவியா?"

"பாதித் தடவ எறங்கிருவேன்."

"மீதிப் பாதி?"

அவள் என்னைப் பார்த்துவிட்டு, "தண்ணியில," என்றாள். டாக்டர் சிரித்தார். ஊசிச் சீட்டை எழுதினார். நான் சிரிக்க முயன்றேன். கெடாது என்று அவர் சொன்னதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். விமானம் இறங்கும் நேரத்தில் அவளுடைய முகத்தை அவர் பார்த்ததில்லையே என்றும் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து திரைக்கு முன்னால் போட்டார். அவளைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். கால் தரையைத் தொடவில்லை. அடியில் ஒரு தலையணை வைத்தேன். இத்தனை மாதத்தில் அவள் நேராக உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. முதுகு இவ்வளவு மெலிந்துவிட்டதா என்றிருந்தது.

டிரைவ்கள் அரைத்தன. நீலம் வந்தது. அவள் இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்தாள்.

நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவள் திரும்பாமலே, "உக்காரும்மா," என்றாள்.

"இருக்கட்டும் கண்ணு, நீ ஓட்டு," என்றேன். உட்காரவில்லை.